மஞ்சள் பெட்டியை அழித்த நாள்

இணையத்தளம் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். இனிப்பாக எழுதுவேன் என்று நினைத்திருந்தால் ஆள்மாறிக் கேட்டுவிட்டீர்கள். ஓய்வு பெற்றால் பிரஷர் குறையும் என்று வைத்தியர் சொன்னார். குறையவில்லை.

போன மாதம் வவுனியாவில் உங்கள் கூட்டமொன்றில் பின்வரிசையில் இருந்தேன். கண் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தை எப்படி வாசிப்பார்கள் என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டார். மேடையில் நின்றவர் கெட்டிக்காரப் பையன். "அதைப் பிறகு பாப்பம். இப்போதைக்கு வீட்டில ஆராவது வாசிச்சுச் சொல்லுவினம்தானே" என்றார். சபை தலையாட்டியது. நான் எழுந்து வெளியே போய்த் தேநீர்க் கடையில் நின்றேன். அந்தப் பையன்மேல் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அதே வசனத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், கிளிநொச்சியில் நானே சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். உள்ளே இருந்திருந்தால் யாரை ஏசுவது என்று எனக்கே தெரிந்திராது.

அது 2004 ஆம் ஆண்டின் தொடக்கம். சண்டை நின்று, பாதை திறந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிக் கணினிகள் வரத் தொடங்கியிருந்த காலம். கை கால் இழந்தவர்களுக்கும் கண் இழந்தவர்களுக்கும் தகவல் சொல்லும் சிறிய நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. செயற்கைக் காலுக்கு எந்த ஊரில் எந்தக் கிழமை அளவெடுக்கிறார்கள், சக்கர நாற்காலியின் ரயர் போனால் எங்கே திருத்தலாம், படுத்த படுக்கையாய் இருப்பவருக்குப் புண் கட்ட யார் வீட்டுக்கு வருவார்கள், கண் தெரியாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் விடுதியில் சேர்க்கும். இவ்வளவையும் ஓர் இணையத்தளத்தில் போட வேண்டும். கேட்டு வருபவர்களுக்கு அதைப் பார்த்துச் சொல்ல ஒரு தகவல் உதவியாளரை நியமிக்க வேண்டும். இதுதான் திட்டம்.

தளத்தைச் செய்தவன் நான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொன்று. எங்களுடைய எழுத்துரு இல்லாத கணினியில் பக்கத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டினதுபோல் கிடக்கும். நான் ஒரு தந்திரம் செய்தேன். பக்கத்தைத் தமிழில் தட்டி, அதைப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைத் தளத்தில் ஒட்டிவிட்டேன். எந்த நாட்டில் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து அப்படியே நிற்கும். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது.

எல்லோரிலும் அதிகம் மகிழ்ந்தவர் எங்கள் நிறுவனத்தின் தலைவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இடம்பெயர்ந்த நாட்களில் மரநிழலில் கரும்பலகையைச் சாத்திவைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். பேக்கரிகூட வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை போட்டிருந்த ஊர் அது. அலுவலகத்தில் நாங்கள் வாய்தவறி 'மௌஸ்' என்றால் அவர் 'சுட்டி' என்று திருத்துவார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர் வட்டக்கச்சியிலிருந்து வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்து இரண்டு கண்ணும் போனவர். பாதை திறந்தபின் தெற்கே போய் ஆறு மாதம் கணினி பழகி வந்திருந்தார். அவருடைய பெயரை எழுதமாட்டேன். கேட்காமல் போட்டால் ஏசுவார். அன்றைக்கு நான் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

தங்கச்சி கைப்பையில் ஒரு சீடி, தலைவரின் சொல்லில் இறுவட்டு, கொண்டுவந்திருந்தார். திரையில் இருப்பதை ஆங்கிலக் குரலில் வாசிக்கும் மென்பொருள். விலை கொடுத்து வாங்காத மாதிரிப் பதிப்பு என்பதால் நாற்பது நிமிடம்தான் பேசும். பிறகு கணினியை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். அதைப் போட்டு, காதில் கருவியை மாட்டி, விசைகளை மட்டும் தட்டித் தட்டி என் தளத்துக்குள் போனார். கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தைச் சுருக்கினார். திரும்பவும் கேட்டார்.

"அண்ணை, பக்கம் வெறுமையாக் கிடக்கு. இன்னும் எழுதேல்லையோ?"

நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள், மூன்று மாத உழைப்பு. காதுக் கருவியை வாங்கி நானும் கேட்டேன். "கிராபிக்... கிராபிக்... கிராபிக்..." என்று அந்த வெள்ளைக்காரக் குரல் சொல்லிக்கொண்டு போனது. படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. கண்ணில்லாதவர்களுக்கென்று செய்த தளத்தில் கண்ணில்லாத ஒருவருக்கு ஒரு சொல்லும் இல்லை.

அப்போதுதான் அந்த வசனத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன தங்கச்சி, ஆராவது வாசிச்சுச் சொல்லுவினம்தானே."

"அப்ப வேலையையும் அவைக்கே குடுங்கோ" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உங்களுக்கும் ஏறும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிழை எங்களுடையது என்று மனதுக்குத் தெரிந்தவுடன் முதலில் வருவது வெட்கம் இல்லை, சுட்டிக்காட்டினவர்மேல் கோபம்தான். அந்தக் கோபத்தோடு ஒரு முடிவும் எடுக்காதீர்கள். நான் வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, "அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

அவரிடம் வழி இருந்தது. தமிழ் வாசிக்கும் குரல் அப்போது எங்களிடம் இல்லை. அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, அந்த ஆங்கிலக் குரலாலேயே வாசிக்க வைத்துப் பழகியிருந்தார். எனக்கும் போட்டுக் காட்டினார். வெள்ளைக்காரப் பாதிரியார் தமிழில் பூசை வைப்பதுபோல் இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரியுங்கோ. எனக்கு விளங்குது" என்றார்.

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அந்தப் படத்தில் இருப்பதைச் சொல்லும் விவரிப்பு ஒன்றை ஒளித்து எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஆங்கில எழுத்துத் தமிழைப் போடுவது என்று முடிவெடுத்தோம். இரண்டு வாரம் அவருடைய தமையன் காலையில் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போவார். நான் பக்கத்தை வாசிப்பேன், தங்கச்சி தட்டுவார், நான் தளத்தில் ஏற்றுவேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருக்கால் கணினியை நிறுத்தித் தொடங்குவோம். ஒரு நாள் அந்த இடைவெளியில் கேட்டேன், இந்த வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று. வீட்டில் கரைச்சலோ என்றும் கேட்டேன்.

"ஒரு கரைச்சலும் இல்லை. அண்ணியும் நல்லவா. பத்து வருசமா என்னை ஒருத்தரும் ஏசினதில்லை. கோப்பையைப் போட்டு உடைச்சாலும் ஏசமாட்டினம். ஒரு இடத்தில நான் பிழை விட்டா, ஏன் விட்டனீ எண்டு ஒராள் கேக்கோணும். அதுக்குத்தான் வேலை."

அந்த வேலை அவருக்குக் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. தளம் திறக்கும் நாளில் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தலைவரும் நிர்வாகக் குழுவும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடையை விண்ணப்பித்தவர்கள் ஒவ்வொருவரும் தளத்தில் தேடிச் சொல்ல வேண்டும். யாருடைய உதவியும் கூடாது. தங்கச்சி ஒத்திகையில் மூன்று விடையையும் பத்து நிமிடத்துக்குள் எடுத்தார். கண் தெரிந்த மற்ற இருவருக்கும் அதைவிட நேரம் போனது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். முகம் சிவந்திருந்தது. அந்தக் காலத்துக் கணினிகளில், சுட்டியைப் படத்தின்மேல் கொண்டுபோனால் ஒளித்து எழுதின விவரிப்பு சின்ன மஞ்சள் பெட்டியாக மேலே வந்து நிற்கும். அதை நான் யோசிக்கவில்லை. தலைவர் தன் தளத்தை ஆசையாகத் தடவிப் பார்த்திருக்கிறார். போன இடமெல்லாம் மஞ்சள் பெட்டி, பெட்டிக்குள்ளே ஆங்கில எழுத்தில் தமிழ்.

"தம்பி, என்ன செய்து வைச்சிருக்கிறீர்? தமிழுக்கெண்டு ஒரு எழுத்து இல்லையோ? நாளைக்கு வாறவை பாத்தா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

சொன்னேன். தங்கச்சிக்காக என்று, குரல் வாசிப்பதற்காக என்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்னவும் செய்வம். அதுக்காகத் தமிழைக் கொலை செய்யேலாது. இண்டைக்கே எடும்."

இந்த இடத்தில் நில்லுங்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. முடியாது என்று சொல்லலாம். விழாவைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். குறைந்தபட்சம், வட்டக்கச்சிக்குப் போய்த் தங்கச்சியிடம் விசயத்தைச் சொல்லலாம், சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். நான் இந்த மூன்றையும் செய்யவில்லை. ஒரு நாள்தானே, விழா முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் தட்டின எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன். பரீட்சை அந்த ஒரு நாளில்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். தலைவர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மற்ற இருவரும் விடை சொல்லி முடித்தார்கள். தங்கச்சியைக் கைபிடித்துக் கூட்டிவந்து இருத்தினார்கள். எல்லோரும் கேட்கட்டும் என்று காதுக் கருவியைக் கழற்றி ஒலிபெருக்கியில் போட்டார்கள். முல்லைத்தீவுப் பக்கம் செயற்கைக் காலுக்கு அளவெடுக்கும் கிழமை எது என்பது முதற்கேள்வி. அவர் விசையைத் தட்டினார்.

"கிராபிக்."

திரும்பத் தட்டினார். "கிராபிக்." வேறு பக்கம் போனார். "கிராபிக். கிராபிக்." மண்டபம் முழுக்க அந்தக் குரல். அவருடைய விரல் நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. பின்னர் மெதுவாகி நின்றது. முகத்தைத் திருப்பி, நான் எங்கே நிற்பேன் என்று ஊகித்துக் கேட்டார்.

"அண்ணை, முந்தநாள் இருந்தது இண்டைக்கு எங்க?"

அறுபது எழுபது பேர் என்னைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார்.

"லைன் பிழை போல கிடக்கு, தங்கச்சி" என்றேன்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்து, "இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு முயற்சி செய்ததே பெரிய விசயம். பிள்ளைக்குக் கை தட்டுங்கோ" என்றார். தட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டத்தில் இருந்திருக்கிறேன். அந்தக் கைதட்டலைப்போல் அருவருப்பான சத்தத்தைக் கேட்டதில்லை. வேலை கண் தெரிந்த ஒருவருக்குப் போனது. அன்று பின்னேரமே கடிதம் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வட்டக்கச்சிக்குப் போனேன். வாய்க்கால் கரையோடு உள்ள வீடு. அண்ணி தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினிக்குள் போனார். நான் அழித்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், கண்ணும் கலங்கியது. தங்கச்சி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"லைன் பிழையெண்டா மெசின் வேற மாதிரிச் சொல்லும், அண்ணை. பக்கத்தைத் திறக்கேலாது எண்டு சொல்லும். நீங்கள் பொய் சொல்லேக்கயே எனக்குத் தெரியும்."

"பிறகேன் அங்கயே சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அந்தக் கைதட்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என்னட்ட வந்து சொல்லுறது லேசு. நான் ஏலாதவள் எண்டு நினைச்சுக்கொண்டு போனவை எல்லாரும் அப்பிடியே நினைச்சுக்கொண்டுதான் இருக்கினம். அவைக்குச் சொல்லுங்கோ."

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். பிழை அவருடையது இல்லை, அவர் எழுதினதை நான்தான் அழித்தேன், அழிக்கச் சொன்னவர் தலைவர் என்றும் சொன்னேன். குழுவில் ஐந்து பேர். ஒருவர் மேசையைப் பார்த்தார், ஒருவர் நேரத்தைப் பார்த்தார். தலைவர் பேனையை மூடி வைத்தார். பிறகு, "குடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கேலாது. அந்த மஞ்சள் பெட்டியளைத் திரும்பப் போடும். இதை வெளியில கதைக்க வேண்டாம்" என்றார். விழாவுக்கு வந்துபோனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்று கேட்டேன். அது தேவையில்லை என்றார்கள். நானாவது எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பெட்டிகளைத் திரும்பப் போட்டு மூன்றாவது வாரம், தளத்தினூடாக ஒரு கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். கையெழுத்துத் தேவையில்லை, ஆளைத் தெரியும். 'தண்ணீரூற்று ஊரில கால் அளவெடுக்கப் போட்டிருக்கிற கிழமை பிழை. செவ்வாய் இல்லை, வியாழன். விசாரிச்சுத் திருத்துங்கோ.' விசாரித்தேன். வியாழன்தான். அடுத்த திங்கள் இன்னொன்று. அதற்கடுத்த திங்கள் இன்னொன்று. கிளிநொச்சி நகரில் ஓர் இணையக் கடைக்காரர் மூலைக் கணினியில் அவருடைய இறுவட்டைப் போட விட்டிருந்தார். திங்கட்கிழமைகளில் தமையன் கொண்டுவந்து இறக்குவார். நாற்பது நிமிடம் எங்கள் தளத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டு, பிழை கண்டுபிடித்து எழுதிவிட்டுப் போவார். வேலைக்கு எடுத்த பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் அந்தப் பிள்ளை கண்டுபிடித்த பிழைகளை ஒரு கையின் விரலில் எண்ணிவிடலாம்.

சுனாமிக்குப் பிறகு அந்தப் பிள்ளையை முல்லைத்தீவு முகாம்களில் வேலை செய்ய அனுப்பினார்கள். இடம் வெறுமையானது. தலைவரே என்னைக் கூப்பிட்டு, "அந்த வட்டக்கச்சிப் பிள்ளைக்குக் குடுப்பம். பரீட்சை ஒண்டும் வேண்டாம், பாவம்" என்றார். கடிதத்தோடு போனேன். சந்தோசப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன், அவர் அவ்வளவு படிப்பித்தும் எனக்கு விளங்கவில்லை.

"பரீட்சை இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை. உங்களுக்குத் தேவையில்லையாம்."

"அப்ப கடிதமும் தேவையில்லை. மற்றவைக்கு வைச்ச பரீட்சையை எனக்கும் வையுங்கோ. அண்டைக்கு இருந்த குழுவும் இருக்கோணும். பாவத்துக்குத் தாற கதிரையில இருந்தா, நான் பிழை விட்டாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

திரும்பிவந்து சொன்னேன். தலைவருக்குக் கோபம் வந்தது. "சும்மா குடுக்கிற வேலையை வேண்டாம் எண்டுறாவோ? இதென்ன திமிர்? ஒராளுக்காகக் குழுவைக் கூட்டேலுமோ?" என்றார். ஒரு பரீட்சை, அரை மணித்தியாலம், ஐந்து கதிரை. அதை வைக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான் சத்தம் போட்டேன், மேசையில் அடித்தேன். இம்முறை சத்தம் போட்டதில் எனக்கே கொஞ்சம் பெருமை. பெருமைப்பட என்ன இருக்கிறது? சத்தம் போட வேண்டிய நாளில் லைன் பிழை என்று சொன்னவன்தானே நான்.

உங்களில் சிலர் என்னிடம் கேட்பீர்கள், எந்த மென்பொருளைக் கொண்டு சோதிப்பது, எந்த விதிமுறையைப் பின்பற்றுவது என்று. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படியுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது ஒன்றுதான். கடைசி நேரத்தில் ஒருவர் வந்து, இதை இன்றைக்கு மட்டும் எடும் என்பார். அவர் நல்லவராக இருப்பார், காரணமும் அழகாக இருக்கும். நீங்கள் எடுக்கப்போவது உங்களுடைய வேலையை அல்ல, இன்னொருவருடைய வேலையை. அவர் அந்த அறையில் இருக்கமாட்டார். அவரை அறைக்குக் கூப்பிடாமல் விசையில் கை வைத்தீர்களென்றால், நீங்கள் என்னைப்போன்ற ஆள்.

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்று தமையன் மூலம் சொல்லியனுப்பியிருந்தேன். அடுத்த திங்கள் ஒன்றும் வராது என்று நினைத்தேன். நானாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். கடிதம் வந்தது.

'மல்லாவியில நாற்காலி திருத்துற கடை இடம் மாறிப்போச்சு. ஒரு ஆள் வெயிலுக்குள்ள தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்திருக்கிறார். ஏன் இன்னும் திருத்தேல்ல?'

அன்றைக்கே விசாரித்துத் திருத்தினேன். நன்றி என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, 'பிழை என்னுடையது. திருத்திவிட்டேன்' என்று மட்டும் ஆங்கில எழுத்துத் தமிழில் எழுதி அனுப்பினேன்.